ஓவசியரின் வெறும் போத்தல்

முள்ளியவளை
20.02.2000

மதிப்புக்குரிய டொக்டர் நளீர் அவர்களுக்கு,

நான் சிவலட்சுமி. குளம், வாய்க்கால் வேலைகளைப் பார்த்த ஓவசியர் பரமேஸ்வரனின் மனைவி. தண்ணீரூற்றில் உங்கள் டிஸ்பென்சரிக்கு வந்துபோன சனத்துக்குள் எங்களை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. மகள் பிரேமிளாவுக்குச் செங்கமாரி வந்து கண் மஞ்சளித்தபோது ஒரு நாளும் தவறாமல் சைக்கிளில் வீட்டுக்கே வந்து பார்த்தீர்கள். அவள் இப்போது லண்டனில் இருக்கிறாள்.

பென்சன் அலுவலாக வவுனியாவுக்குப் போய்வந்த வீரபாகு மாஸ்டர்தான் பட்டாணிச்சூரில் உங்கள் பெயர்ப்பலகையைக் கண்டதாகச் சொன்னார். உள்ளே வரத் தனக்கு முகம் இல்லை என்று திரும்பிவிட்டாராம். எனக்கும் முகம் இல்லைத்தான். ஆனால் பசித்தவள் படலையைத் தட்டத்தானே வேண்டும்.

அவருக்கு மறதி. மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மறதி இல்லை. நீங்கள் போன பிறகு நடந்த எதுவும் அவருக்குள் இல்லை. காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, வெறும் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறார். எங்கே என்று கேட்டால், "டொக்டரிட்டை தண்ணி மருந்து எடுக்கப் போறன்" என்கிறார். உங்கள் டிஸ்பென்சரி வாசற்படியில் போய் இருக்கிறார். நோயாளர் இருக்கிற உங்கள் வாங்கு இப்போது அங்கே இல்லை. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ராக்காயி என்ற மனுசி பிள்ளைகளோடு அங்கே இருக்கிறாள். மலைநாட்டுப் பக்கத்து ஆள், நல்லவள். "டாக்கட்டரு இன்னும் வரலைங்க ஐயா, குந்துங்க" என்று பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்து இருத்தி வைப்பாள். மத்தியானம் நான் போய்க் கூட்டி வருவேன். பின்னேரம் திரும்பவும் போத்தலைத் தூக்குவார்.

ஊர் சிரிக்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? சிரிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிபிர் குண்டுவிமானம் வந்து சுற்றும்போது எல்லோரும் பங்கருக்குள் பாய, இவர் வீதியில் போத்தலோடு நிற்கிறார். அதுதான் பயம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரே ஒரு இளம் டொக்டர். காயக்காரர் வரிசையில் கிடக்க, என் புருசனின் மறதியை அவர் எப்படிப் பார்ப்பார்? "வயசு அம்மா" என்று நித்திரைக் குளிசை தந்தார். அதைக் குடித்த நாள் முதல் பகலும் இரவும் தள்ளாடுகிறார். போன கிழமை கிணற்றடியில் விழுந்து நெற்றி வெடித்தது. தோதான நித்திரை மருந்து ஒன்றின் பெயரை எழுதி அனுப்புங்கள். எனக்கும் கொஞ்சம் கண் மூட வேண்டும்.

இப்படிக்கு,
பரமேஸ்வரன் சிவலட்சுமி


வவுனியா
02.04.2000

சகோதரி சிவலட்சுமி அவர்களுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. முதலில் மருந்து விசயம். அந்தக் குளிசையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ஒரு கிழமைக்குப் பாதியாக்கி, அடுத்த கிழமை காலாக்கி நிறுத்துங்கள். வேறு நித்திரை மருந்து நான் எழுதமாட்டேன். இந்த வருத்தக்காரருக்கு அது நித்திரையைத் தராது, விழுத்தும். உங்கள் ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். அவருடைய கையிலேயே கொடுங்கள்.

மலம் ஒழுங்காகப் போகிறதா? சலம் போகும்போது எரிவு இருக்கிறதா? காது கேட்கிறதா, ஊத்தை அடைத்திருக்கிறதா? மறதி படிப்படியாக வந்ததா, திடீரென்று வந்ததா? எழுதுங்கள். ஆளைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இப்போது நான் அவருடைய டொக்டரும் இல்லை.

இன்னொன்று. எழுதாமல் விடத்தான் நினைத்தேன். "நீங்கள் போன பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் போகவில்லை, சகோதரி. போகச் சொன்னார்கள். தொண்ணூறாம் ஆண்டு அந்த ஒக்டோபரில் என் டிஸ்பென்சரிக்கு வந்த கடைசி நோயாளி உங்கள் கணவர். இருமலுக்கு மருந்து. போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கத்தார் வீதியில் அறிவித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று கேட்டோம். "பின்னேரம் வாறன் டொக்டர், நான் வராமல் வெளிக்கிடாதேங்கோ" என்றார். வெயில் சாயும்வரை லொறிக்காரனைக் கெஞ்சி மறித்து வைத்திருந்தேன். என் மனைவி சபூறா லொறிக்கு மேலே பிள்ளைகளோடு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஓவசியர் வரவில்லை. ஒருவரும் வரவில்லை.

இப்போது தினமும் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எம். நளீர்


முள்ளியவளை
25.05.2000

டொக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போடத்தான் எழுந்தேன். ஆஸ்பத்திரி டொக்டருக்கான துண்டு உள்ளே இருந்ததால் தப்பியது.

அவர் வந்தார். கேட்டீர்களா, வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்து, "சிவம், பிட்டு அவி, கெதியா அவி, டொக்டரின்ரை பிள்ளையள் வழியிலை என்ன தின்னுங்கள்" என்றார். இருந்த மாவெல்லாம் அவித்தேன். வாழையிலையில் கட்டி, பெரிய போத்தலில் தண்ணீரும் சைக்கிளில் கொளுவிக்கொண்டு போனார். மதகடியில் காவல் நின்ற இயக்கத்தார் மறித்துவிட்டார்கள். அந்த மதகு அவர் நின்று கட்டுவித்தது. வாக்குவாதப்பட்டிருக்கிறார். சைக்கிள் இரண்டு சில்லின் காற்றையும் திறந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றவர், "நான் கட்டின மதகிலையே என்னை மறிச்சிட்டாங்கள்" என்றார். அந்தப் பிட்டை நாங்கள் ஒருவரும் தொடவில்லை. மாட்டுக்கு வைத்தேன்.

ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்பீர்கள். எந்த விலாசத்துக்கு, டொக்டர்? எந்த முகாம், எந்தக் கொட்டில் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

சரி. கேட்டவற்றுக்குப் பதில். மறதி படிப்படியாகத்தான் வந்தது. நான்கு வருடம் இருக்கும். சலத்தில் எரிவு இருந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் உங்கள் கடிதத்தை நின்ற நிலையிலேயே இரண்டு தரம் வாசித்து, அதற்கு மருந்து தந்தார். காதிலிருந்து எடுத்த ஊத்தையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு காணி உழலாம். குளிசையை நிறுத்திய பிறகு தள்ளாட்டம் இல்லை. அந்த அளவில் நீங்கள் அவருடைய டொக்டர்தான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

ஆனால் தெளிவு வந்ததும் கால் இன்னும் வேகமாகிவிட்டது. ஒரு நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். பின்னால் ஓட உடம்பில் சக்தி இல்லை. பழைய சேலையால் அவரை வீட்டுக் கப்பு மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அவர் கத்தவில்லை. "நான் என்ன களவெடுத்தனான்? ஏன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று மெல்லக் கேட்டார். மணிக்கட்டில் தழும்பு இருந்தது. காய்ச்சல் விட்டதும் அந்தச் சேலையைக் கிழித்து எறிந்தேன். அடுத்த காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அவரைக் கட்டாமல் வைத்திருக்க ஒரு வழி சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்போது புதிதாக ஒன்று. தண்ணீர் குடிக்கிறார் இல்லை. தேத்தண்ணியும் தொடுவதில்லை. "டொக்டர் தராமல் ஒண்டும் குடிக்கக்கூடாது" என்கிறார். உதடு வெடித்துக் கிடக்கிறது.

சிவலட்சுமி


முள்ளியவளை
10.10.2000

டொக்டர்,

மாசங்கள் போய்விட்டன. செஞ்சிலுவைச் சங்கத்து லொறியோடு தபால் வந்தது என்று கேள்விப்பட்ட போதெல்லாம் தபால் கந்தோருக்கு நடந்தேன். ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டீர்களோ? நான் காரமாக எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். எழுதியது எல்லாம் உண்மை.

அவர் காய்ந்துபோனார். வெள்ளரிப்பழமும் கஞ்சியும் ஊட்டி ஒருமாதிரி இழுக்கிறேன். ராக்காயியின் கையால் மட்டும் சில நாட்களில் அரைக் கோப்பை சாயத்தண்ணி குடிப்பார். உங்கள் படியில் இருந்து குடிப்பதால் அது டிஸ்பென்சரி மருந்து என்ற எண்ணம் போலும்.

ஒரு நாளில் என்னோடு கதைப்பவர்கள் யார் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். ராக்காயி, கோழிகள், போகும்போது "என்ன, ஓவசியர் டியூட்டிக்குப் போட்டாரோ?" என்று நக்கலடிக்கிற ஏரம்பு. வீட்டுக்குள் ஆள் இருக்கிறது, துணை இல்லை. உங்களுக்கு எழுதும்போதுதான் நான் ஒரு முழு வசனம் பேசுகிறேன்.

பதில் போடாவிட்டாலும் எழுதுவேன். சாவடி தாண்டத்தான் பாசு என்ற அனுமதிச்சீட்டு வேண்டும், எழுத யாருடைய பாசும் வேண்டாம்.

சிவலட்சுமி


வவுனியா
02.11.2000

தங்கச்சி சிவலட்சுமிக்கு,

கோபம் இல்லை. உங்கள் மே மாதக் கடிதத்துக்கு யூன் மாதமே பதில் எழுதிவிட்டேன். அது வந்துசேராத கதையைச் சொன்னால் ஓவசியர்கூடச் சிரிப்பார்.

போத்தலின் பக்கத்தில் ஒட்டுகிற அளவுத் துண்டு ஞாபகம் இருக்கிறதா? நீளக் கடதாசியை மடித்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி, ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து என்று ஒட்டுவேனே, அதேதான். மருந்துப் போத்தல் அனுப்பினால் இராணுவச் சாவடியில் விடமாட்டார்கள். கடதாசியை விடுவார்கள் என்று நினைத்து, அப்படிப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை வெட்டிக் கடிதத்தோடு வைத்தேன். பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே மாதிரி வெட்டிய கடதாசி, ஒரு எழுத்தும் இல்லை. இரகசியச் செய்தியாம். என்னைக் கூப்பிட்டு அரை நாள் இருத்தி விசாரித்தார்கள். ஒருவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இன்னொருவர் பற்களை எண்ணி எழுதுகிறார். தமிழர் பகுதியில் இருந்தபோது அங்கத்தையவர்களுக்கு நான் வேண்டாதவன். இங்கே வந்தபிறகு இவர்களுக்கு நான் அங்கத்தையவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கடைசியில் ஒரு வெறும் போத்தல் தாருங்கள் என்று கேட்டேன். தண்ணீர் நிரப்பி, சோற்றுப் பருக்கையால் துண்டை ஒட்டிக் காட்டினேன். அங்கே நின்ற வயதான சார்ஜன் ஒருவர் பலமாகச் சிரித்துவிட்டார். தன் ஊரிலும் டிஸ்பென்சரிக்காரர் இப்படித்தான் தருவாராம். அவர் சொல்லித்தான் விட்டார்கள். ஆனால் கடிதமும் துண்டும் அவர்களுடைய கோப்புக்குள் போய்விட்டன. இப்போது திரும்பவும் வெட்டி அனுப்புகிறேன். இந்தமுறை ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் சாவடி முத்திரை குத்தி, பார்த்தோம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து ஆறவிடுங்கள். அவருடைய போத்தலில் ஊற்றி, துண்டை ஒட்டி, நான் எழுதி வைத்திருக்கிற பெயர்ச்சீட்டையும் ஒட்டுங்கள். ராக்காயியிடம் கொடுத்து வையுங்கள். அவர் போய் இருந்ததும், டொக்டர் தந்துவிட்டுப் போனார் என்று ராக்காயி கொடுக்கட்டும். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு நோயாளிக்கும் இல்லாத மருந்தை இருக்கிறதென்று நான் சொன்னதில்லை. அல்லாஹ்வுக்கு முன்னால் இது பொய்யா என்று பல நாள் யோசித்தேன். தண்ணீர் இல்லாமல் காய்கிறவனுக்குத் தண்ணீர்தான் மருந்து. அந்த அளவில் நான் எழுதிய சீட்டு சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கட்ட வேண்டாம். படலைக் கொளுக்கியைக் கீழே, முழங்காலுக்குக் கிட்ட அடியுங்கள். அவருடைய கை மேலேதான் தேடும், குனிந்து பார்க்கத் தோன்றாது. போகிற நேரத்துக்கு நீங்களே திறந்து கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நேரம், ஒரே வழி. டொக்டர் இல்லை, போய்விட்டார் என்று திருத்தப் போகாதீர்கள். ஒவ்வொரு தரமும் அவருக்கு அது புதுச் செய்தி, ஒவ்வொரு தரமும் அவர் புதிதாக நோவார். குளத்தைப் பற்றி, தண்ணீர் திறந்துவிடுகிற துருசைப் பற்றிக் கேளுங்கள். அதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். அந்த ஏரம்புவிடம் இது மூளையில் வந்த வருத்தம், விசர் இல்லை என்று சொல்லுங்கள். நக்கலடிக்கிறவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் அடங்கும்.

யூன் மாதக் கடிதத்தில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன். அதைத் திரும்பவும் கேட்கிறேன். உங்களுக்கு நித்திரை எப்படி? சாப்பிடுகிறீர்களா? அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுத முதல் உங்களைப் பற்றி எழுத வேண்டும். இது டொக்டரின் கட்டளை.

பிட்டுக் கதையைச் சபூறாவுக்குப் புத்தளத்துக்கு எழுதினேன். பத்து வருடமாக லொறிக்கு மேலே இருந்து என்னைத் திட்டியவள், இந்தமுறை ஒன்றும் திட்டவில்லை.

நளீர்


முள்ளியவளை
15.01.2001

அன்புள்ள டொக்டர் அண்ணைக்கு,

குடித்துவிட்டார்!

கட்டளைப்படி முதலில் என்னைப் பற்றி எழுத வேண்டும், தெரியும். அது கொஞ்சம் பொறுக்கட்டும்.

ராக்காயி போத்தலை முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "டாக்கட்டரு அவசரமா வெளிய போயிட்டாருங்க. ஐயாவுக்குன்னு குடுத்துட்டுப் போனாரு" என்றாள். அவர் பெயர்ச்சீட்டை வாசித்தார். விரலால் தடவினார். பிறகு போத்தலைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு ஊடாகத் துண்டின் பின்பக்க முத்திரை தெரிந்தது. அவர் நிமிர்ந்து இருந்து, "பாத்தியே, கவுண்மேந்து முத்திரை. டொக்டர் இப்ப கவுண்மேந்து டொக்டர்" என்றார். ஒரு பல்லின் அளவு குடித்தார். பிறகு இன்னொரு பல். அரசாங்க உத்தியோகத்தர் அல்லவா, முத்திரைக்குப் பயந்தவர். சாவடிக்காரர் சந்தேகப்பட்டது எங்களுக்கு நன்மையாகப் போய்விட்டது. அந்தச் சார்ஜனைக் கண்டால் சொல்லுங்கள்.

இப்போது தினமும் இரண்டு போத்தல். உதடு ஆறிவிட்டது. கொளுக்கியை ஏரம்புதான் வந்து அடித்தான். வருத்தம் என்று விளங்கப்படுத்தினேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் காய்ச்சலில் கிடக்கிற நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் இனி அவனுடையதுதான். "ஓவசியர் ஐயா, வாங்கோ, வாய்க்கால் பாத்துக்கொண்டு போவம்" என்று கூட்டிப்போகிறான். வாய் அடங்கவில்லை, திசை மாறியிருக்கிறது.

ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். உங்கள் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாராம். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, நீங்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் அவரும் கேட்டார். அடுத்த தெருப் பத்மாசனியின் மாமியாருக்கும் இதே வருத்தம், அவளுக்கும் வழி காட்ட வேண்டும் என்று சொல்லி அங்கேயும் கூட்டிப்போனேன். கிழவி இருட்டறையில் பூட்டிக் கிடந்தாள். இப்போது முற்றத்தில் வெயில் காய்கிறாள்.

சரி, என் நித்திரை. அண்ணை, பிரேமிளாகூட "அப்பா எப்படி?" என்றுதான் எழுதுவாள். நீங்கள் என் நித்திரையைக் கேட்டதை வாசித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். கோழி நித்திரைதான் எனக்கு. அவருடைய கால் நிலத்தில் பட்டால் எனக்கு விழிப்பு. சாப்பாடு அவர் மிச்சம் வைத்தது. ஆனால் என்னை அரிப்பது அது இல்லை. அவர் என்னை இப்போது 'மிஸ்' என்கிறார். உங்கள் டிஸ்பென்சரியில் வேலை செய்கிற நேர்ஸ் என்று நினைக்கிறார். "மிஸ், வீட்டிலை மனுசி பாத்துக்கொண்டிருப்பா. நான் போகவேணும். அவ தனிய இருக்க மாட்டா" என்று என்னிடமே சொல்கிறார். நான் தனியே இருக்கமாட்டேன் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான் ஞாபகம் இல்லை.

"மனுசி பாவம், கெதியா வரச் சொல்லும் டொக்டரை" என்கிறார். சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

சிவம்


வவுனியா
12.04.2001

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல நாள் பொக்கற்றில் கொண்டுதிரிந்தேன். பதில் எழுத மருத்துவப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அவர் 'மனுசி' என்று சொல்லும்போது திருத்த வேண்டாம். "உங்கடை மனுசி எப்படிப்பட்டவ?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். மிஸ் என்றாலும் கேட்கலாம்தானே.

உங்களுக்கும் மருந்து எழுதுகிறேன். பத்மாசனியும் நீங்களும் முறை வையுங்கள். கிழமையில் ஒரு பின்னேரம் அவ இரண்டு பேரையும் பார்க்க, நீங்கள் நித்திரை கொள்ள வேண்டும். அடுத்த கிழமை நீங்கள் பார்க்க வேண்டும். சோறு சூடாகச் சாப்பிட வேண்டும், மிச்சம் அல்ல.

உங்கள் கடிதங்களுக்குப் பிறகு நான் இங்கே ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறேன். வயதான ஆளை இழுத்துக்கொண்டு மனைவியோ மருமகளோ வந்தால், நாடியைப் பிடிக்க முதல் கூட்டி வந்தவளிடம், "உங்களுக்கு நித்திரை எப்படி?" என்று கேட்கிறேன். பாதிப்பேர் வாய் திறக்க முதல் அழுகிறார்கள். முகாம்களில் எத்தனை பேர் இப்படிக் கட்டிக் கிடக்கிறார்கள் தெரியுமா? விசர் என்று, பேய் என்று, பாசுக்கு வரிசையில் நிற்க முடியாதென்று. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். உங்கள் இளம் டொக்டரும் எனக்கு எழுதுகிறார். அவர் கேள்வி கேட்க, நான் பதில் எழுத, எனக்குத் தெரியாததை உங்கள் கடிதத்தில் பார்த்து எழுதுகிறேன்.

நீங்கள் உங்களைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். சபூறா புத்தளத்தை விட்டு வரமாட்டாள். வடக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்கிறாள். மகள் சப்னாவுக்கு முள்ளியவளை கதையாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம், எனக்கு இங்கே நோயாளிகள். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கட்டில். இரவுச் சோறு கடையில். அந்த மண்ணுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று வந்தேன். கிட்ட இருப்பது தூர இருப்பதைவிடக் கொடுமை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த ஊரில் எனக்காக ஒருவன் வழி பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னை அனுப்பிவிட்டார்கள் என்பதை மறந்துபோனதால் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஞாபகம் உள்ளவர்கள் ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இந்த யோசனை என்னைப் பல இரவு விழுங்குகிறது. ஆனாலும் காலையில் எழும்பும்போது, தண்ணீரூற்றில் என் படியில் ஓவசியர் வந்து இருந்திருப்பார் என்று நினைக்க ஒரு தெம்பு வருகிறது.

பாசுக்கு விண்ணப்பித்தேன். தரவில்லை. திரும்பவும் விண்ணப்பிப்பேன். அவரிடம் சொல்லுங்கள், டொக்டர் பின்னேரம் வருவார் என்று. அவர் என் பெயரை மறக்க முதல் ஒரு தரம் அவருடைய நாடியை நான் என் கையால் பார்க்க வேண்டும்.

துண்டுகள் இத்துடன். கேட்டே முத்திரை குத்துவித்தேன்.

நளீர்


முள்ளியவளை
28.12.2001

அன்புள்ள அண்ணைக்கு,

இடையில் நான் எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும். பின்போட்டுப் பின்போட்டு வருடமே முடிகிறது.

மாரி தொடங்கிய பிறகு ஒரு காலை வழக்கம்போல் போத்தலைக் கழுவி அவருடைய கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "இது என்னத்துக்கு?" என்றார். டொக்டரிட்டை போகவெல்லோ என்றேன். "எந்த டொக்டர்?" என்றார். மழைதான் காரணம், நாளைக்குக் கேட்பார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த நாளும் கேட்கவில்லை. பெயர்ச்சீட்டைக் காட்டினேன். விரலால் தடவினார், வாசிக்கவில்லை. கொளுக்கியைக் கழற்றிப் படலையை விரியத் திறந்து வைத்தேன். வாங்கோ, வாய்க்கால் பாத்துக்கொண்டு போவம் என்று ஏரம்பு கூப்பிட்டுப் பார்த்தான். கதிரையில் இருந்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் போகாதீர்கள் என்று பின்னால் ஓடியவள், அன்றைக்குப் போங்கள், ஒரு தரம் போங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, அண்ணை.

நோவு ஒன்றும் இல்லை. ஊட்டினால் விழுங்குகிறார். உங்கள் கொத்தமல்லித் தண்ணீரை இப்போது கரண்டியால் கொடுக்கிறேன். யார் தந்தது என்று கேட்காமலே குடிக்கிறார். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஆஸ்பத்திரி டொக்டர் காட்டித் தந்திருக்கிறார். கட்டவில்லை. கடைசிவரை கட்டமாட்டேன். நீங்கள் சொன்ன முறைப்படி கிழமையில் ஒரு பின்னேரம் பத்மாசனி வந்து பார்க்க நான் நித்திரை கொள்கிறேன். சோறும் சூடாகத்தான்.

மிஸ் என்றும் இப்போது கூப்பிடுவதில்லை. மனுசியைப் பற்றிக் கேட்கச் சொன்னீர்கள். நல்ல காலம், மாரிக்கு முதலே கேட்டுவிட்டேன். "வாய் நீளம், கை அதைவிட நீளம். ஊருக்கே பிட்டு அவிப்பா" என்றார். அது எனக்குப் போதும்.

ராக்காயி இன்னும் காலையில் சாயத்தண்ணி ஊற்றி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாளாம். "ஐயா வராம வாசலே வெறிச்சுன்னு இருக்குங்கம்மா" என்றாள்.

சண்டை நிற்கப்போகிறதாம், கண்டி வீதி திறக்கப்போகிறதாம் என்று ஊரெல்லாம் ஒரே கதை. திறந்தால் நீங்கள் வெளிக்கிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வந்து படியில் ஓவசியரைத் தேடுவீர்கள். அதனால்தான் இதை முந்தியே எழுதுகிறேன். அவர் அங்கே இருக்கமாட்டார். வீட்டுக்கு வந்தாலும் யாரோ வந்திருக்கிறார் என்றுதான் பார்ப்பார். பாசுக்காரர் பாசைத் தரவில்லை, இவர் காலத்தைத் தரவில்லை. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஞாபகம் உள்ளவர்கள் ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் மறக்கவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அண்ணை. லொறி, அந்தப் பின்னேரம், உருட்டி வந்த சைக்கிள், ஒருவரும் தின்னாத பிட்டு, எல்லாம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சபூறாவிடமும் சொல்லுங்கள்.

வந்து அவருடைய நாடியைப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, நாடிக்குத் தெரியும். பிட்டு மா வறுத்து வைத்திருக்கிறேன். படலை இப்போது பூட்டுவதில்லை.

சிவம்